கண்மாய்க்குள் ஜேசிபி இறக்குமுன்

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய் வேலைக்குப் பணம் வந்துவிட்டது என்றால் மறுநாள் காலையில் உள்வாய்க்குள் (கண்மாயில் தண்ணீர் நிற்கும் பரப்பு) ஜேசிபி நிற்கும். மண் அள்ளுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அளப்பது எளிது, பில் போடுவது எளிது, படம் எடுப்பதும் எளிது. கண்மாய் நிறையுமா என்பதை மட்டும் ஐப்பசி வரை யாரும் கேட்பதில்லை.

நவீனமயம் என்ற சொல் இந்தக் கண்மாய்களுக்குப் புதிதல்ல. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் கண்மாய் நவீனமயமாக்கும் திட்டம் 1984இல் தொடங்கியது. இருக்கிற தண்ணீரைச் சிக்கனமாகக் கொண்டுபோவது, முறை வைத்துப் பாய்ச்சுவது, மிச்சத்தில் கூடுதல் நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவருவது என்று குறிக்கோள்கள் எல்லாம் நல்லவைதான். ஆனால் தொடக்கத்தில் அழுத்தம் மடைக்கு (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) கீழே, வாய்க்காலுக்கு சிமென்ட் பூசுவதில் இருந்தது. மேலே வரத்துக்கால் (மழைநீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் ஓடை) தூர்ந்து கிடந்தால் பூசிய வாய்க்காலில் எது ஓடும்? வளரும் நாடுகளில் நவீனமயத்துக்கு நேரும் சிக்கல் பலவும் இந்த ஒரு கேள்வியில் இருக்கின்றன: காசு கொடுப்பவருக்கு எது அளக்க வசதியோ அது முதலில் நடக்கும், தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அந்த வழி கடைசியில் நிற்கும்.

இங்கே சொல்லும் முறை அந்த வரிசையை மாற்றிப் போடுகிறது. தண்ணீர் வரும் வழியிலேயே வேலையும் நடக்கட்டும்: வரத்துக்கால், கலிங்கு (நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்), கரை, மடை, வாய்க்கால், கடைசியாக உள்வாய் மண். 40 முதல் 200 ஏக்கர் வரை ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள மானாவாரிக் கண்மாயை மனதில் வைத்து எழுதியது. பெரியாறு, வைகைக் கால்வாய்த் தண்ணீர் வரும் கண்மாய்களுக்குக் கலிங்கு, மடைப் பகுதிகள் அப்படியே பொருந்தும். வரத்துக் கணக்கு வேறு.

முதலில் நாலு கணக்கு

ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 28,300 கன மீட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் என்று வைத்து, முழுக்கக் கண்மாயையே நம்பினால், அந்த ஒரு மில்லியன் கன அடி ஏறக்குறைய 6 ஏக்கரைக் கரை சேர்க்கும். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள்.

மண் அள்ளி அந்த அளவு இடத்தை உண்டாக்க 10,000 யூனிட் மண் எடுக்க வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி, ஏறக்குறைய ஒரு டிராக்டர் டிப்பர். ஆக 6 ஏக்கருக்கு 10,000 நடை. ஒரு ஏக்கர் உள்வாயை ஒரு அடி ஆழப்படுத்தவே 435 நடை ஆகும்.

மடை சரியாக மூடாமல் விநாடிக்கு 5 லிட்டர் ஒழுகுகிறது என்று வைப்போம். 15 லிட்டர் வாளியைப் பிடித்தால் 3 விநாடியில் நிறையும். பார்க்கிறவர்கள் "சும்மா கசிவு" என்று போய்விடுவார்கள். ஒரு நாளைக்கு 432 கன மீட்டர். 65 நாளில் ஒரு மில்லியன் கன அடி போய்விடும். 10,000 நடை மண்ணும் ஒரு மடைப் பலகையும் ஒரே எடை.

நீர்ப்பிடிப்பு 4 சதுர கி.மீ. உள்ள கண்மாய்க்கு 50 மி.மீ. மழை ஒன்று பெய்து, அதில் 15 சதவீதம் ஓடி வந்தால் 30,000 கன மீட்டர். அதாவது ஒரே மழையில் ஒரு மில்லியன் கன அடி. வரத்துக்கால் அடைத்து அதில் பாதி வழியில் சிதறினால், அந்த ஓர் இரவில் இழந்தது 5,000 நடைக்குச் சமம்.

இந்த நாலையும் உங்கள் கண்மாய் அளவுகளுக்குப் போட்டு ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். "ஆழப்படுத்து" என்ற கோரிக்கை அங்கேயே கொஞ்சம் அடங்கும். குறிக்கோளையும் எண்ணாக எழுதுங்கள். "கண்மாயைச் சீரமைப்பது" என்பது குறிக்கோள் ஆகாது. "கண்மாய் நிறைந்த வருடத்தில் கடைமடை 30 ஏக்கருக்குத் தை கடைசி வரை தண்ணீர் போக வேண்டும்" என்பது குறிக்கோள். நிறைவேறியதா இல்லையா என்று தை மாதம் யாரும் போய்ப் பார்க்கலாம்.

யாருடைய கண்மாய், எந்தக் காகிதம்

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தே ஒரு கோடை போய்விடும்.

கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து கிராம வரைபடம், கண்மாய்க்கும் வரத்துக்காலுக்கும் உள்ள புலப்படங்கள், 'அ' பதிவேட்டு நகல் மூன்றையும் வாங்குங்கள். நீர்வளத் துறைக் கண்மாய் என்றால் பிரிவு அலுவலகத்தில் 'டேங்க் மெமோயர்' இருக்கிறதா என்று கேளுங்கள். 1883இல் தொடங்கிய கண்மாய் மராமத்துத் திட்டக் காலத்திலிருந்து எழுதி வந்த குறிப்பேடு அது. நீர்ப்பிடிப்பு, கொள்ளளவு, கலிங்கு நீளம், மடை அடிமட்டம், கரை மேல்மட்டம் எல்லாம் அதில் கிடைக்கும். கலிங்கின் இன்றைய மட்டத்தை அந்தப் பழைய மட்டத்தோடு ஒப்பிட்டாலே பாதி வழக்கு தீரும். யாரோ ஒருவர் இடையில் உடைத்துத் தாழ்த்தியிருப்பார், அல்லது ஒரு வரி செங்கல் வைத்து உயர்த்தியிருப்பார்.

ஆக்கிரமிப்பு இருந்தால் அளவை முதலில், பேச்சு இரண்டாவது, நோட்டீஸ் மூன்றாவது. துறைக் கண்மாய்களுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உண்டு. மற்ற புறம்போக்குக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். வரத்துக்காலில் முழு அகலத்தையும் முதல் வருடமே மீட்கப் போனால் வழக்கில் வேலை நின்றுவிடும். தண்ணீர் போகத் தேவையான அகலத்தை முதலில் திறந்து, எல்லைக்கல் ஊன்றி, மீதியை அளவைக் காகிதத்தோடு அதிகாரிகளிடம் விடுவது நடைமுறைக்கு ஒத்து வரும்.

வரத்துக்கால்

மாசி, பங்குனியில் வரத்துக்கால் காய்ந்திருக்கும்போது கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடங்கள். கூட ஒரு வயதானவர், ஒரு கொத்தனார். டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 20 மீட்டர் டியூப் லெவலே போதும்: குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, 15 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் கால்தரை (வரத்துக்காலின் அடித்தரை) மட்டத்தைக் குறியுங்கள். அரை கிலோமீட்டர் வரை இது தாங்கும். அதற்கு மேல் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துவிடும், டம்பி லெவல்தான் வேண்டும். பார்க்க வேண்டியது ஒன்றே: தண்ணீர் போகும் திசையில் தரை எங்கேயாவது ஏறுகிறதா?

ஏறும் இடம் பெரும்பாலும் ரோடு குறுக்கிடும் இடமாக இருக்கும். ரோடு போட்டவர்கள் குழாயைக் கால்தரைக்கு ஒரு அடி மேலே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். 3 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழத்தில் ஓடுகிற கால் விநாடிக்கு ஒரு கன மீட்டர் கொண்டுவரும். அதே இடத்தில் 600 மி.மீ. குழாய் ஒன்று மட்டும் இருந்தால் பாதிகூடப் போகாது. மீதி ரோட்டோரமாகத் திரும்பி வேறு ஊர் ஓடைக்குப் போய்விடும். ரோடும் நவீனமயம்தான், கண்மாயும் நவீனமயம்தான். இரண்டு துறைகளும் ஒரே மாதத்தில் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதில்லை என்பதே தொல்லை. அந்த இடத்துக்கு 900 மி.மீ. குழாய் இரண்டு, அல்லது சிறு பெட்டிப் பாலம், அடிமட்டம் கால்தரையோடு சமமாக என்று எண்ணோடு எழுதி மனுக் கொடுங்கள். "தண்ணீர் வரவில்லை" என்ற மனுவுக்குப் பதில் வராது. அடிமட்டம் 30 செ.மீ. உயரம் என்று அளந்து எழுதிய மனுவை ஒதுக்குவது கடினம்.

சீமைக் கருவேலத்தை வெட்டாதீர்கள், வேரோடு எடுங்கள். தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்று நாலாகத் துளிர்க்கும். கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியிருக்கும்போது ஜேசிபியின் பின்கையால் பிடுங்கினால் அடிக்கட்டை முழுதாக வரும். மரம் துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். ஏலம் இல்லாமல் தொடக் கூடாது. கரிமூட்டக்காரர்கள் ஏலம் எடுத்தால் பிடுங்கும் செலவில் ஒரு பகுதி திரும்பும். ஆனால் ஏல நிபந்தனையில் "வேரோடு" என்று எழுதாவிட்டால் மேலே உள்ளதை வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆடு தின்று போடும் நெற்றிலிருந்து அடுத்தடுத்த வருடங்களிலும் புதுக்கன்று முளைத்துக்கொண்டே இருக்கும். கார்த்திகையிலும் தையிலும் ஈரம் இருக்கும்போது கையால் பிடுங்க வருடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். இதை விட்ட ஊர்களில் மூன்றாம் வருடம் பழைய காடு.

கலிங்கு

கரை உடைவதற்குப் பெரிய காரணம் கலிங்கு போதாததுதான். கணக்கு கடினமில்லை. தமிழ்நாட்டில் வழக்கத்தில் உள்ள ரைவ்ஸ் வெள்ளக் கணக்கு முறைப்படி, நீர்ப்பிடிப்பைச் சதுர கி.மீ.இல் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் (இடத்துக்கு ஏற்ற நிலையான எண்) பெருக்க வேண்டும். கடலிலிருந்து 80 முதல் 160 கி.மீ. தள்ளி இருக்கும் இடங்களுக்கு அந்தக் கெழு 8.5. நீர்ப்பிடிப்பு 4 சதுர கி.மீ. என்றால் வெள்ளம் விநாடிக்கு சுமார் 21 கன மீட்டர்.

அகன்ற உச்சியுள்ள கலிங்கில் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் ஒரு மீட்டர் நீளம் விநாடிக்கு 0.79 கன மீட்டரை வெளியேற்றும். ஆக 27 மீட்டர் நீளம் வேண்டும். இருப்பது 15 மீட்டர்தான் என்றால் தண்ணீர் கலிங்குக்கு மேல் 90 செ.மீ. ஏறி நிற்கும். கரை உச்சி கலிங்கு மட்டத்துக்கு ஒரு மீட்டர்தான் மேலே இருந்தால் மிச்சம் 10 செ.மீ. காற்று அலை ஒன்று போதும். மேலே வேறு கண்மாய்கள் இருந்தால் அவை பிடித்துக்கொள்வதைக் கழித்துக் கணக்குப் போடலாம். ஆனால் மேல்கண்மாய் உடைந்தால் கீழ்க்கண்மாய் தாங்காது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இறுதி வடிவைத் துறைப் பொறியாளர்தான் போட வேண்டும். இந்தக் கணக்கு அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க.

கலிங்கை அரை அடி உயர்த்தலாமே என்று எல்லா ஊரிலும் ஒருவர் கேட்பார். ஆசைக்குக் காரணம் உண்டு: நீர்ப்பரப்பு 40 ஏக்கர் என்றால் அரை அடிக்கு 0.87 மில்லியன் கன அடி, மண் கணக்கில் 8,700 நடை. செலவோ ஒரு வரி கட்டுமானம். ஆனால் மூன்று பேர் தலையில் அது விழும். உள்வாய்ப் பட்டாக்காரர் நிலம் மூழ்கும். மறுகாலை (கலிங்கு வழிந்து போகும் தண்ணீர்) நம்பியிருக்கும் கீழ்க்கண்மாய்க்காரருக்குத் தண்ணீர் தாமதமாகும். கரைக்கும் அதே அரை அடி குறையும். கீழ் ஊரோடு எழுத்தில் ஒப்பந்தம், கரையையும் சேர்த்து உயர்த்துவது, துறை அனுமதி மூன்றும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பழைய கலிங்குகளில் நிற்கும் குத்துக்கற்களுக்கு இடையே மண்ணும் பலகையும் வைத்து அடைக்கும் வழக்கம் மார்கழிக் கடைசிக்கு மேல் சரி. ஐப்பசியில் அடைத்தால் ராத்திரி மழையில் அதை எடுக்க ஆள் போக முடியாது.

கரை

கரைமேல் நிற்கும் மரங்களின் அடிக்கட்டையை விட்டுவைத்து மேலே மண் போடுவது மிகவும் பழக்கமான தவறு. கட்டை மக்கினால் கரைக்குள்ளே குழாய் போல ஓட்டை விழும். வேரைத் தோண்டி எடுத்து, குழியை அடுக்கடுக்காக நிரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து மூடுங்கள். நண்டு வளை, எலி வளைகளையும் இதே போல முடிவு வரை வெட்டி மூட வேண்டும். வாயை மட்டும் அடைத்தால் பயனில்லை.

புது மண் பழைய சரிவோடு ஒட்டாது. சரிவில் புல்லைச் செதுக்கி, படிக்கட்டு போல வெட்டி, நனைத்து, அதன் மேல் 20 செ.மீ. கனத்துக்கு மண் பரப்பி உருளை ஓட்டுங்கள்; 15 செ.மீ. ஆக இறங்கிய பிறகே அடுத்த அடுக்கு. மண்ணின் ஈரம் சரியா என்பதற்குக் கைப்பிடி சோதனை போதும். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் சேறு ஒட்டக் கூடாது. டிப்பர் டிராக்டர் மேலே போய் வருவதையே இறுக்கம் என்று கணக்குக் காட்டுவார்கள். சக்கரத் தடம் மட்டும் இறுகும், நடுவில் பொத்தலாக நிற்கும். உள்சரிவு 2க்கு 1 (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம்), மேல் அகலம் 2 மீட்டருக்குக் குறையாமல், வெள்ள மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டராவது கரை.

பேரையூர், கள்ளிக்குடிப் பக்கக் கரிசல் ஊர்களில் தனிக் கவனம் வேண்டும். கரிசல் கோடையில் அகலமாக வெடிக்கும்; முதல் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே புகும். மேலேயும் சரிவிலும் 30 செ.மீ. செம்மண்ணோ சரளையோ போர்த்தினால் உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு குறையும். அலை அடிக்கும் பகுதிக்குக் கல் பதித்தால் அடியில் 15 செ.மீ. சரளை கட்டாயம், இல்லாவிட்டால் அலை திரும்பும்போது கல் இடுக்கு வழியே மண்ணை உறிஞ்சிக்கொண்டு போகும், கல் தானாகச் சரியும். வெளிச்சரிவுக்கு வெட்டிவேர், கரையோரம் பனை. பனைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர் மண்ணைப் பிடிக்கும். வேம்பும் புங்கமும் நல்ல மரங்கள்தான், கரைச்சரிவில் வேண்டாம்.

கரைவேலை ஆவணிக்குள் முடிய வேண்டும். புரட்டாசிக் கடைசியில் போட்ட மண் இறங்கி உறைய நேரமில்லாமல் நேராக வெள்ளத்தைச் சந்திக்கும்.

மடை

பழைய குமிழி மடையில் கல்தூண்களுக்கு நடுவே துளையும், அதை அடைக்கும் கட்டையும் இருக்கும். நீர்பாய்ச்சி (மடை திறந்து மூடித் தண்ணீர் பாய்ச்சும் ஆள்) தண்ணீருக்குள் இறங்கித் திறப்பார். ஆபத்தான வேலை, அதற்குப் பதில் திருகு ஷட்டர் வைப்பது நியாயமான நவீனமயம். ஆனால் ஷட்டர் கெடும் வேகத்தில் கட்டை கெடாது. கெடும் விதம் மூன்று. மரையில் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து இறுகும். கதவின் கீழே கல்லோ கட்டையோ சிக்கியிருக்கும்போது கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கித் திருகுவார்கள், தண்டு வளையும். மூன்றாவது, கைப்பிடி காணாமல் போகும்.

ஆகவே ஷட்டருக்கு முன்னால் 5 செ.மீ. இடைவெளியில் கம்பித் தடுப்பு வையுங்கள். கதவு முழுதும் மூடிய நிலையில் தண்டின் மேல் சிவப்புப் பெயின்ட் கோடு போடுங்கள். கோடு வந்த பிறகு திருகக் கூடாது, கோடு வராமல் இறுகினால் திரும்பத் திறந்து சிக்கியதை ஓடவிட வேண்டும். புரட்டாசியிலும் பங்குனியிலும் கிரீஸ் தடவி, மேலிருந்து கீழ்வரை முழுதாக ஒரு முறை ஓட்டுங்கள். கைப்பிடி நீர்பாய்ச்சி வீட்டில், உபரி ஒன்று பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் வீட்டில்.

15 செ.மீ. விட்டமுள்ள துளை, மேலே 1.5 மீட்டர் தண்ணீர் நிற்கும்போது விநாடிக்கு 57 லிட்டர் விடும். அரை மீட்டராக இறங்கினால் 33 லிட்டர். மார்கழியில் 4 மணி நேரத்தில் நனைந்த வயல் மாசியில் 7 மணி நேரம் எடுப்பது இதனால்தான். முறைநேரத்தை வருடம் முழுக்க ஒரே அளவாக வைத்தால் கடைசியில் பாய்கிறவர் ஏமாந்துபோவார்.

கரைக்கு அடியில் போகும் சுருங்கையின் (மடைத் தண்ணீர் போகும் வழி) வெளிப்பக்கத்தை ஒட்டித் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் குறித்து வைத்துக் கோடையில் களிமண் இடித்துச் சரிசெய்யலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண் உள்ளிருந்து போகிறது என்று பொருள், அன்றைக்கே ஆள் கூட்ட வேண்டும். கசியும் வாயை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் வேறு இடத்தில் பிய்க்கும். அதன் மேல் முதலில் ஆற்று மணல், அடுத்து சின்ன ஜல்லி, மேலே பெரிய கல் என்று போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கிவிட்டு, மடையைத் திறந்து கண்மாய் மட்டத்தை இறக்குங்கள்.

வாய்க்காலுக்கு சிமென்ட் போடலாமா

எல்லா இடத்திலும் வேண்டாம். மணற்பாங்கான நீளம், மேடு கட்டிப் போகும் நீளம், ஊருக்குள் போகும் நீளம் ஆகியவற்றில் மட்டும் போதும். மற்ற இடத்தில் கசிவது கிணற்றுக்குப் போகிறது; பூசியபின் கிணற்று மட்டம் இறங்கினால் அதே விவசாயிதான் வந்து நிற்பார். எங்கே இழப்பு என்று தெரிய, 30 மீட்டர் நேரான நீளத்தில் ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி 0.85ஆல் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். மேலே ஓரிடம், கீழே ஓரிடம் அளந்து வித்தியாசத்தை எழுதுங்கள்.

கான்கிரீட் ஊற்றுமுன் ஒவ்வொரு வயலுக்கும் இப்போது உள்ள வாய்மடையை எண்ணிக் குழாயும் மூடியும் வைத்துவிட வேண்டும். விட்டுப்போன வயல்காரர் கடப்பாரையோடு வருவார், அவர்மீது தப்பில்லை. கரிசலில் நேராக ஊற்றினால் மண் உப்பும்போது பலகை பலகையாகத் தூக்கிவிடும். அடியில் சரளைப் படுகையும், 3 மீட்டருக்கு ஓர் இணைப்பு இடைவெளியும் வேண்டும்.

கடைசியாக மண்

வண்டலை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் எடுக்கும் இடம் முக்கியம். மடை அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடிக்கும் உதவும். அதற்கென்று ஒரு பள்ளம் போதும். பாசனத்துக்கு என்றால் அடிமட்டத்துக்கு மேலே மேடிட்ட உள்வாய்ப் பகுதியைச் சீவுங்கள். கரையின் உள்ளடியிலிருந்து 10 மீட்டருக்குள் தோண்டவே கூடாது. உயரமான கரைக்கு இன்னும் தள்ளி. மண் கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று அடிவாரத்தில் தோண்டிக் கரையில் போடுவது, காலை வெட்டித் தொப்பி தைப்பது மாதிரி.

வயலுக்குக் கரம்பை (கண்மாய் வண்டல் மண்) அடிப்பவர்கள் வட்டாட்சியர் அனுமதி வாங்கி இலவசமாக எடுக்கலாம். அந்த அதிகாரம் 2024இல் வட்டாட்சியர் அளவுக்கு வந்தது. ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது வரம்பு. டிராக்டர் கணக்கில் 25, 30 நடை. செம்மண் காட்டுக்குக் கரம்பை மருந்து. கரிசலுக்கு அதே களிமண் பாரம், போடாதீர்கள். இலவச வண்டல் என்ற பெயரில் அடிச் சரளை செங்கல் சூளைக்கும் வீட்டு மனைக்கும் போகாமலிருக்க எடுக்கும் பரப்பில் கொடி நட்டு, ஆழத்துக்கு ஒரு மண் தூணை வெட்டாமல் விட்டுவையுங்கள். தூண் உயரத்தை அளந்தால் எடுத்த ஆழம் தெரியும். பொய் சொல்ல முடியாது.

ஆள் இல்லாமல் மடை இல்லை

நீர்பாய்ச்சி, சில ஊரில் நீர்க்கட்டி என்பார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள் பரம்பரையாகச் செய்துவந்த வேலை. கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக, கேட்டு வாங்குகிற நிலையில். மகன் திருப்பூருக்குப் போய்விட்டால் அந்த இடம் காலி. நவீனமயம் என்று ஷட்டருக்குச் செலவழித்த ஊர், அதைத் திருகுகிற ஆளுக்கு மாதச் சம்பளம் போடவில்லை என்றால் முதல் வருடத்திலேயே ஷட்டர் எப்போதும் திறந்தே கிடக்கும். ஏக்கருக்கு ஒரு தொகை நிர்ணயித்து, தண்ணீர் திறக்கும் முன்பே சங்கம் வசூலித்து, சங்கமே மாதாமாதம் கொடுக்க வேண்டும். எந்தச் சாதி ஆளாக இருந்தாலும் வேலைக்கு எடுக்கலாம் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். கண்மாய் நொடித்துப்போகத் தொடங்குவது இங்கேதான்: வசதியுள்ளவர் விலகினால் பணமும் விலகும், அதிகாரியிடம் பேசும் வாயும் விலகும். கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் அவர்கள் கிணற்றுக்கு ஊற்று என்பதைப் பேச்சால் நிறுவ முடியாது. ஆயக்கட்டுக்குள் நாலு கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒரு முறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, கண்மாய் மட்டத்தோடு ஒரே பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரு வருடப் பதிவு இருந்தால் கிணற்றுக்காரரிடமும் ஏக்கர் பங்கு கேட்கலாம்.

துறைக் கண்மாய்களுக்கு 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் உண்டு; சின்னக் கண்மாய்க்கு 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். மதுரையில் தலைமையிடம் வைத்திருக்கும் தானம் அறக்கட்டளை 'வயலகம்' என்ற பெயரில் அமைத்த கண்மாய் விவசாயிகள் சங்கங்களை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு விதிகளை எழுதுங்கள். 2017இல் திரும்ப வந்த குடிமராமத்துப் பணிகளில் விவசாயிகள் பங்கு 10 சதவீதம் என்று வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் அந்தப் பங்கை ஒப்பந்தக்காரரே கட்டிவிட்டால் வேலையைக் கேள்வி கேட்கும் உரிமையும் அவரிடமே போய்விடும். உழைப்பாகவாவது ஊர் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

மீன் குத்தகைக்கு ஒரு நிபந்தனை அவசியம். குத்தகைக்காரருக்கு முதலில் தண்ணீர் நிற்க வேண்டும், கடைசியில் மீன் பிடிக்க வற்ற வேண்டும். இரண்டு நேரத்திலும் அவர் கை மடையில் இருக்கும். மடைக் கைப்பிடி அவருக்கு இல்லை, மடை மட்டத்துக்குக் கீழுள்ள தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது என்று ஏலத்துக்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

மதுரை நகரத்துக்குள் மாட்டிக்கொண்ட வண்டியூர், செல்லூர் போன்ற கண்மாய்களுக்கு இந்த வரிசை முழுதும் பொருந்தாது. அங்கே ஆயக்கட்டு வீடாகிவிட்டது. முதல் வேலை சாக்கடை எந்தெந்த வாயால் சேர்கிறது என்று எண்ணி, மழைநீர் வாயிலிருந்து அதைப் பிரிப்பது. நடைபாதையும் விளக்கும் அதன் பிறகு. வரிசை மாறினால் துர்நாற்றத்தைச் சுற்றி நடக்க நல்ல பாதை கிடைக்கும்.

முதல் தண்ணீர் வரும் இரவு

ஐப்பசியில் முதல் பெரிய மழைக்கு நாலு பேர், நாலு டார்ச், இருநூறு காலிச் சாக்கு, இரண்டு டிராக்டர் மணல், ஒரு கைப்பிடி கரையில் தயாராக இருக்கட்டும். ஒருவர் வரத்துக்கால் குழாய்ப் பாலத்தில் நின்று குப்பையை இழுத்துவிட வேண்டும். ஒருவர் மடைக்கு வெளியே நின்று தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பார்க்க வேண்டும். மற்ற இருவர் கரையின் வெளியடி நெடுக நடக்க வேண்டும். ஈரம் தெரிகிற இடத்தில் குச்சி நட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஈரம் பரவியிருக்கிறதா என்று திரும்பப் பார்க்க வேண்டும். கலிங்கு வழியத் தொடங்கியதும் சுவரில் கோடு போட்டு நேரம் எழுதுங்கள், விடியும் வரை மணிக்கு ஒரு கோடு. மழை அளவையும் அந்தக் கோடுகளையும் வைத்து, மேலே போட்ட வெள்ளக் கணக்கை உங்கள் கண்மாய்க்கே உரிய எண்ணாக அடுத்த கோடையில் திருத்திக்கொள்ளலாம்.